ஒற்றை ஆள் படகில் நாலு பேர்

மணல்மூக்கு என்கிற கடற்கரை ஊரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. இதைச் சொல்பவர்கள் மணல்மூக்குக்காரர்கள்தான். ஆனால் ஒரு ஊரைப் பற்றி அந்த ஊர்க்காரர்களைவிட வேறு யாருக்குத் தெரியப்போகிறது? அந்தப் புத்திசாலிகளிலும் கெட்டிக்காரன் இன்னாசி. அவனுக்கு யோசனை சொல்லும் அளவுக்குக் கெட்டிக்காரர்கள் அவன் கூட்டாளிகளான தொம்மை, சூசை, கயித்தான்.

இன்னாசிக்குக் கல்யாணம். பெண் கடலுக்கு அந்தப் பக்கம் சிப்பித்தீவில் இருந்தாள், பெயர் பிலோமி. "மத்தியானத்துக்குள்ள மாப்பிள்ளை கோயிலுக்கு வரலைன்னா, விருந்துக்கு வந்தவன்ல நல்லவனாப் பார்த்துக் கட்டிவச்சிருவேன்" என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற ஆள். இன்னாசிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று பார்த்து ஊர் விசைப்படகெல்லாம் ஆழ்கடலுக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்தது மச்சாடோ மேஸ்திரியின் கொட்டகையில் நின்ற பாய்ப்படகு. எவரோ வெளிநாட்டுக்காரர் உல்லாசமாகச் சுற்றிவிட்டு விற்றுப்போனது. மேஸ்திரி அதைப் பிரித்து மாற்றிக் கட்டியிருந்தார். பாய்மரத்தடியில் இருந்த கயிறுகளையெல்லாம் பின்பக்கம், சுக்கான் பிடிக்கிறவன் உட்காரும் குழிக்கே கொண்டுவந்திருந்தார்.

"இனி ஒரே ஆள் ஓட்டலாம் மக்கா" என்றார் அவர். "குழியை விட்டு எழும்ப வேண்டாம். சிவப்புக் கயிறு பாயை ஏத்தி இறக்க. நீலக் கயிறு பாயை இழுத்துப் பிடிக்க. எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும். காத்தைப் பார்த்து ஓட்டு. காத்து கூடிட்டா பாயைச் சுருக்கிரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் போய்விட்டார். இவர்கள் கரையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"ஒரே ஆள் ஓட்டுற படகாச்சே. நாலு பேர் ஏறினா படகு குழம்பிப்போகாதா?" என்றான் தொம்மை.

"அப்ப இன்னாசி மட்டும் போகட்டும்" என்றான் சூசை.

"தோழன் இல்லாம மாப்பிள்ளை போனா மரியாதையா?" என்று கேட்டான் தொம்மை.

கயித்தான் நெடுநேரம் யோசித்தான். "நாம ஆளா ஏற வேண்டாம். மாப்பிள்ளைத் தோழனா ஏறுவோம். அப்ப ஆள் ஒண்ணுதானே?"

எல்லோரும் ஏறினார்கள். படகு குழம்பவில்லை.

இன்னாசி மாலையும் கோட்டுமாகக் குழியில் இறங்கி உட்கார்ந்தான். பாயை ஏற்றினார்கள். கயிறுகள் கைக்கு எட்ட வேண்டும் என்பது சூசைக்கு நினைவு வந்தது. கை அங்கே இங்கே போனால் எப்படி எட்டும்? எனவே சிவப்புக் கயிற்றின் நுனியை இன்னாசியின் வலது மணிக்கட்டிலும் நீலத்தை இடது மணிக்கட்டிலும் இறுக்கிக் கட்டினான். பாயில் காற்று நிறைந்ததும் இன்னாசியின் இரண்டு கைகளும் விசுக்கென்று மேலே போயின. கரையில் நின்றவர்கள், மாப்பிள்ளை போகும்போதே ஆசீர்வாதம் செய்கிறார் என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

கை இரண்டும் வானத்தில் இருந்ததால் சுக்கானை முழங்காலால் பிடித்துக்கொண்டான் இன்னாசி. நல்லவேளையாகக் காற்று தீவுப் பக்கமே அடித்தது.

"காத்தைப் பார்த்து ஓட்டணும்னாரே" என்று நினைவூட்டினான் தொம்மை.

நாலு பேரும் நாலு பக்கமும் பார்த்தார்கள்.

"ஒண்ணும் தெரியலையே?"

"படகுக்குள்ள இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? வெளிய எட்டிப் பார்க்கணும்" என்றான் கயித்தான். அவன் விளிம்பில் ஏறி இடுப்புவரை வெளியே சாய்ந்தான். விழாமல் இருக்க அவன் அரைஞாணைத் தொம்மை பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பாய் வெடுக்கென்று இழுத்தது. இன்னாசியின் இடது தோள் கழன்று வருவதுபோல் இருந்தது. நீலக் கயிற்றைத் தளரவிட்டால் தேவலை என்று தோன்றவே, "கயித்த விடுலே!" என்று கத்தினான்.

காற்றிரைச்சலில் தொம்மைக்குச் சரியாகக் கேட்கவில்லை. "யாரை?"

"கயித்த! கயித்த!"

"கயித்தானையா? நல்லா யோசிச்சுச் சொல்லுலே."

"இதுல யோசிக்க என்ன இருக்கு! சீக்கிரம் விடு!"

தொம்மை விட்டான். கயித்தான் தலைகீழாகக் கடலுக்குள் போனான். பின்னால் மிதந்த ஏதோ ஒரு கயிற்றைப் பிடித்து ஏறி வந்தபோது அவன் கோபப்படவில்லை. "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சட்டையைப் பிழிந்தான்.

காற்று இன்னும் கூடியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்னாசிக்குப் பிலோமியின் முகமும், விருந்துக்கு வந்த நல்லவன் ஒருவனின் முகமும் மாறி மாறித் தெரிந்தன.

"பாயைச் சுருக்கணும்!" என்றான் சூசை. "எனக்குத் தெரியும். என் திருநாள் சட்டை ஒரே துவைப்புல தொப்புளுக்கு மேல ஏறிருச்சு. துணின்னா தண்ணிதான்."

வாளியால் கடல் தண்ணீரை மொண்டு மொண்டு பாயில் ஊற்றினார்கள். தண்ணீர் பாயில் வழிந்து குழிக்குள் இறங்கி மாப்பிள்ளையின் கோட்டை நனைத்தது.

"பாய் சுருங்குதா?"

"பாய் சுருங்கல. கோட்டு சுருங்குது."

"ஏதோ ஒண்ணு சுருங்குதுல்ல. ஊத்து!"

இப்படியே சிப்பித்தீவு கண்ணெதிரே வந்துவிட்டது. படகு பாய் விரித்தபடி நேராகப் படகுகள் அணையும் கல்பாலத்தை நோக்கிப் பாய்ந்தது. பாலத்தில் நின்ற கூட்டம் அலறியது. கல்யாணச் சேலையில் இருந்த பிலோமி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, பாய்மர உச்சிக்குப் போகும் கயிற்றைப் பார்த்துவிட்டு, "சிவப்புக் கயித்தை அவுத்து விடுங்க!" என்று கூவினாள்.

சூசை இன்னாசியின் வலது கையை அவிழ்த்தான். பாய் முழுவதும் சரிந்து நாலு பேரையும் மூடியது.

உள்ளே ஒரே இருட்டு.

"இருட்டிருச்சே மக்கா" என்றான் தொம்மை மெதுவாக.

"அப்ப மத்தியானம்?"

"அது எப்பவோ போயிருக்கும்."

இன்னாசிக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. பிலோமியை எவனுக்கோ கட்டிக் கொடுத்திருப்பார்களே என்று ஈரப் பாய்க்குள் விம்மி விம்மி அழுதான். மற்ற மூவரும் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். கயித்தான் மட்டும், பெண் கிடைக்காவிட்டாலும் விருந்துச் சோறு மிச்சம் இருக்கும் என்று ஆறுதல் சொன்னான்.

வேகம் குறைந்த படகு பாலத்தை ஒட்டி மணலில் மெல்லத் தட்டி நின்றது. பிலோமி இறங்கி வந்து பாயைத் தூக்கினாள். சுள்ளென்று வெயில்.

"விடிஞ்சிருச்சு!" என்றான் தொம்மை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. முழங்கைவரை ஏறிப்போன கோட்டைப் பார்த்து, மணல்மூக்கில் இதுதான் புது மோஸ்தர் போலும் என்று தீவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து புறப்படும் நேரம். காற்று இன்னும் மணல்மூக்குப் பக்கமிருந்தே அடித்துக்கொண்டிருந்தது.

"எதிர்க்காத்து. வளைச்சு வளைச்சுத்தான் போகணும். ஏறுங்க, நான் ஓட்டுறேன்" என்றாள் பிலோமி.

நால்வரும் ஏறவில்லை. காற்று வரும் திசையை உற்றுப் பார்த்தார்கள்.

"காலையில காத்து நம்மளை இங்க தள்ளுச்சு" என்றான் கயித்தான். "இப்பவும் அங்கேருந்து இங்கதானே தள்ளுது? அங்க இப்ப என்ன இருக்கு?"

"ஊர் இருக்கு."

"அப்ப எது வரும்?"

இன்னாசிக்குப் பளிச்சென்று புரிந்தது. இப்படிப்பட்ட கூட்டாளி கிடைத்ததற்காக மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

பிலோமி நால்வரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அப்பாவை ஒருமுறை பார்த்தாள். குழியில் இறங்கிப் பாயை ஏற்றினாள்.

"போறதுன்னா போ புள்ள. வழியில ஊர் எதிர்ல வந்தா ஒதுங்கிக்கோ!" என்றான் இன்னாசி அக்கறையோடு.

ஊர் வந்து மோதினால் மாதா கோயில் கோபுரம் விரிசல் விடும் என்பதால், தொம்மையும் சூசையும் பாலம் நெடுகப் பழைய டயர்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இன்னாசி கடைசிக் கல்லில் ஏறி நின்று தன் ஊர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்து, கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினான்:

"யம்மா! வாசல்ல காயுற கருவாட்டை எடுத்து உள்ள வைய்யி! நனைஞ்சிரப் போவுது!"