வராத படம்

ஐம்பத்திரண்டு வயதில் பிஎச்டிக்குச் சேர்ந்தவர் திருமேனி. அவருடைய கைடு நப்பின்னை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். டிரைவர்களின் கண் வேகத்தைச் சோதிப்பதுதான் ஆராய்ச்சி.

நொடிக்கு இருபது படம் திரையில் ஓடும். அதில் ஒரே ஒரு படத்தில் ஒரு பிள்ளை ரோட்டைக் கடக்கும். பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். ஒரு பஸ் கம்பெனியிலிருந்து வந்த ஒன்பது டிரைவர்களில் எட்டுப் பேர் பார்த்தோம் என்றார்கள்.

சன்னாசி மட்டும், "புள்ள வரலீங்க சார்" என்றார்.

மறுபடி கேட்டபோதும் அதே பதில். திருமேனிக்கு எரிச்சல். 'கவனம் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி சன்னாசியை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது.

மறுவாரம் திருமேனி நப்பின்னையிடம் வந்து நின்றார்.

"படம் லேசா திணறுது மேடம். திரை புதுசு, உசத்தியானது. கம்ப்யூட்டர்ல படத்தை ஓட்டற கார்டுதான் பழசு. எதைப் போடலாம்?"

ஆனை வாங்கியும் அங்குசம் வாங்காத கதைதான். நப்பின்னை அதைச் சொல்லவில்லை. போனைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஓட்டுங்க சார்" என்றார்.

ஓடி முடிந்தது.

"பிள்ளை வந்துச்சா?"

"வந்துச்சே. பச்சைச் சட்டை."

போனில் பதிந்ததை நப்பின்னை மெதுவாக ஓட்டிக் காட்டினார். மாடு வந்தது. மரம் வந்தது. மரம் நகராமல் இன்னொரு படத்தின் நேரத்தையும் தின்றுவிட்டு நின்றது. பிறகு லாரி. பிள்ளை வரவே இல்லை.

திருமேனி மூன்று முறை ஓட்டச் சொன்னார். பச்சைச் சட்டைப் படத்தைத் தேடி எடுத்துச் சேர்த்தவரே அவர்தான்.

"அன்னைக்கும் இதே கம்ப்யூட்டர்தானா சார்?"

"இதேதான். மத்த எட்டுப் பேரும் பார்த்தேன்னாங்களே மேடம்?"

"வரலைன்னு சொன்னா வேலை போயிடும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

வெட்கம் திருமேனியைப் பிடுங்கித் தின்றது. மறுபடி கேட்டபோது சன்னாசி கைகட்டி நின்றதும், தான் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதியதும் நினைவுக்கு வந்தன. தலையைத் தூக்காமலே பேசினார்.

"நல்ல கார்டா ஒண்ணு சொல்லுங்க மேடம். இன்னைக்கே மாத்திடறேன்."

"எதை மாத்தினாலும், படம் வருதா வரலையான்னு உள்ளபடி சொல்ல ஒரு கண்ணு வேணும் சார். அப்படி ஒண்ணு நம்மகிட்ட வந்துச்சு. நீங்கதான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டீங்க."