விளக்குக்கு எதற்கு ஓட்டை?

ஏரிக்கரை ஈச்ச மரத்தில் பொன்னுச்சி என்ற ஆண் தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது. தூக்கணாங்குருவிகளில் மாப்பிள்ளைதான் வீடு கட்ட வேண்டும். பெண் வந்து சுற்றிப் பார்க்கும், கூட்டின் நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும், பிடிக்காவிட்டால் பக்கத்துக் கூட்டுக்குப் போய்விடும்.

போன வருஷம் பொன்னுச்சியின் கூட்டைப் பார்க்க வந்த மூன்று பெண் குருவிகளும் முடிச்சு தளர்வு என்று சொல்லிப் போய்விட்டன. துணை கிடைக்காமல் மழைக்காலம் முடிந்தால் இந்த வருஷமும் குஞ்சு கிடையாது. அந்தப் பயத்தில் அது இம்முறை விழுந்து விழுந்து பின்னியது. உண்மையைச் சொன்னால், அந்த மரத்திலேயே அழகான கூடு அதுதான். அதோடு விட்டிருக்கலாம்.

வாயாடி மைனா வந்தது.

"என்ன தம்பி, விளக்கு இல்லாத வீட்டுக்கு எந்தப் பொண்ணு வரும்?" என்று ஆரம்பித்தது.

மைனாவிடம் ஒரு மின்மினி இருந்தது. சும்மா மின்மினி இல்லையாம், பேசுமாம். கூப்பிட்டால் வெளிச்சம் போடுமாம், நாளைக்கு மழையா வெயிலா என்றும் சொல்லுமாம். விலை ஒன்றும் கிடையாது. கூட்டின் சுவரில் சின்னதாக ஓர் ஓட்டை மட்டும் போட வேண்டும். அதன் வழியாக மைனா தினமும் மின்மினியோடு பேசும்.

ஓட்டை என்றதும் பொன்னுச்சிக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இலவசம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் மற்றது எங்கே கேட்கிறது? ஈரக் களிமண்ணை உள்சுவரில் அப்பி, மின்மினியை அதில் ஒட்டியது. இத்தனை பாடுபட்டுப் பின்னிய சுவரில் தன் அலகாலேயே ஓட்டையும் போட்டது.

மறுநாள் சாயங்காலம் தினைச்செல்வி என்ற பெண் குருவி கூடு பார்க்க வந்தது. நாரை இழுத்தது, வரவில்லை. தொங்கி ஊஞ்சலாடிப் பார்த்தது, ஒரு முடிச்சும் நெகிழவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தது.

"கொஞ்சம் வெளிச்சம் போடு," என்றது பொன்னுச்சி மின்மினியிடம், பெருமையாக.

மின்மினி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "இந்த வெளிச்சத்தை உங்களுக்கு வழங்குபவர்கள், ஆலமரத்து அணிலார் தினைக் கிடங்கு. தின்னத் தின்னத் திகட்டாத தினை!" என்று முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் வெளிச்சம் போட்டது.

தினைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முட்டைக்கு இடம் எப்படி என்று பார்க்கத் திரும்பியது. அதற்குள் வெளிச்சம் அணைந்தது. மின்மினி இப்போது அடுத்த விளம்பரமாகத் தொழுவத்து எருமைகளின் கொழுத்த உண்ணிகளைப் பற்றி விவரிக்கத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் சுவர் வழியாக ஒரு கீற்று வெயில் உள்ளே விழுவதைத் தினைச்செல்வி கவனித்தது.

"இந்த ஓட்டை எதுக்குங்க?"

"அது வந்து... விளக்குக்கு."

"விளக்கு எரியறதுக்கு ஓட்டை வேணுமா?"

அந்தக் கேள்வியைப் பொன்னுச்சி மைனாவிடம் கேட்கவே இல்லை.

மின்மினிதான் பதில் சொன்னது. பாவம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. "எரியறதுக்கு வேண்டாம். வெளிச்சம் என் வயித்துலேயே இருக்கு. சேதி போறதுக்குத்தான் ஓட்டை. இங்க யார் வர்றாங்க, என்ன திங்கறாங்கன்னு மைனாகிட்ட நான் சொல்லணும். காலையில காக்கா அதுகிட்ட ஒரு கருவாட்டுத் துண்டைக் குடுத்துட்டு, இந்தக் கூட்டுல முட்டை எப்போன்னு விசாரிச்சுதாம்."

தினைச்செல்வி ஓட்டையை இன்னொரு தடவை பார்த்தது. "கூடு நல்லாத்தான் பின்னியிருக்கீங்க," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கூட்டுக்குப் போனது. அந்தக் கூட்டின் முடிச்சுகள் சுமார்தான். ஆனாலும் அங்கேயே தங்கிவிட்டது.

பொன்னுச்சிக்கு அழுகையாக வந்தது. மைனாவிடம் போய், ஓட்டையை அடைக்கப்போகிறேன் என்றது. அடைத்தால் விளக்கு எரியாது, அப்படித்தான் மின்மினியைப் பழக்கியிருக்கிறேன் என்றது மைனா, கண்ணைக்கூட இமைக்காமல்.

"எரிய வேண்டாம்," என்றது பொன்னுச்சி.

களிமண்ணைக் கொத்தி மின்மினியை விடுவித்தது. மின்மினி நன்றி சொல்லி, விளம்பரம் எதுவும் இல்லாமல் பளிச்சென்று மின்னிக்கொண்டே புதருக்குள் போனது. ஓட்டையை அடைக்கப் பார்த்தபோது சுற்றியிருந்த நார்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. வேறு வழியில்லை. கூட்டையே பிய்த்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து பின்னத் தொடங்கியது. மற்ற கூடுகளில் குஞ்சுகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன. பொன்னுச்சி தலை நிமிராமல் பின்னியது.

மழைக்காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு பெண் குருவி வந்தது. தங்கியிருந்த கூடு காற்றில் விழுந்துவிட, புது இடம் தேடிக்கொண்டிருந்தது. சுவரைச் சுற்றிச் சுற்றிக் கொத்திப் பார்த்தது. உள்ளே போய் நெடுநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தது.

"விளக்கு இல்லீங்க," என்றது பொன்னுச்சி, தயங்கித் தயங்கி. "பேசவும் பேசாது. வெறும் கூடுதான்."

பெண் குருவி வெளியே பறந்து போனது. இதுவும் போய்விட்டது என்று பொன்னுச்சி கண்ணை மூடிக்கொண்டது. திறந்தபோது, அந்தக் குருவி வாய் நிறைய எருக்கம்பஞ்சோடு திரும்பி வந்து, முட்டைக்கு மெத்தை பரப்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் ஒரு பொருளைக் கொண்டுவரும் முன், அது நமக்கு என்ன செய்யும் என்று மட்டும் பார்க்காமல், நம்மைப் பற்றி வெளியே யாரிடம் என்ன சொல்லும் என்றும் கேட்டுவிட வேண்டும்.