ராகுகாலத்தில் கலக்கிய சிலேன்

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்தொன்று. என்ன செய்ய, சில இடங்களில் அப்படித்தான் அமைந்துவிடுகிறது! குரு செண்பகவல்லி, பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியை. சீடர் சிங்காரவேலு, பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றபின் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தவர். "பேரனைப் பார்த்துக்கிற வயசில் படிப்பாம்" என்று சம்பந்தி வீட்டில் சிரித்தார்கள்.

அவர் கையில் எடுத்தது சிலேன். மணலில் இருக்கிறதே சிலிக்கன், அதிலிருந்து செய்கிற திரவம். ஒரு கையால் கண்ணாடியைப் பிடிக்கும், மறு கையால் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். கண்ணாடியைப் பிடிக்கிற கை மட்டும் தண்ணீரில் கலந்தால்தான் திறக்கும். அதை நடுவில் வைத்துக் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் பிரியாமல் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாவி மனுஷனுக்கு அதுதான் வரவில்லை! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒட்டினார். இழுத்தால் வாழைப்பழத் தோலாக உரிந்து வந்தது.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு வருகிறது. இன்றும் உரிந்தால் அவர் பதிவு ரத்து.

செண்பகவல்லி உள்ளே வந்தபோது அவர் கைகட்டிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு குவளையில் திரவம் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியிருந்தது.

"என்ன சார், உட்கார்ந்துட்டீங்க?"

"நல்ல நேரத்திலேயே கலக்கிட்டேன் மேடம். கண்ணாடியைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள ராகுகாலம் வந்துடுச்சு. அது போனதும் முக்கிடலாம்."

"எல்லா வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா?"

"பின்னே? ராகுகாலத்தில் யாராவது நல்ல காரியம் தொடங்குவாங்களா?"

செண்பகவல்லி அந்தக் குவளையை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். புதுக் குவளை ஒன்றை நீட்டினார்.

"கலக்குங்க."

"இப்பவா! மேடம், இன்னும் ராகு..."

"கலக்குங்க சார்."

முருகா முருகா என்று முணுமுணுத்தபடி தண்ணீரில் சிலேனைக் கலக்கினார். எண்ணெய்த் துளிகளாக மிதந்தது கரைந்து பளிச்சென்று தெளிந்தது.

"முக்குங்க."

முக்கினார். கண்ணாடியைச் சூட்டில் உலர்த்தினார், மேலே பிளாஸ்டிக்கை ஊற்றி இறுகவிட்டார்.

சாயங்காலம் குழுவின் முன்னாலேயே இயந்திரம் இழுத்தது. விசை காட்டும் முள் ஏறியது. போன வாரம் உரிந்த இடத்தைத் தாண்டியது. இன்னும் ஏறியது! சிங்காரவேலு மூச்சுவிட மறந்து நின்றார்.

படார்!

"போச்சு!" என்றார் ஒருவர்.

"எங்கே போச்சு! நல்லாப் பாருங்க!" சிங்காரவேலு கூவியே விட்டார். "கண்ணாடிதான் உடைஞ்சுது! ஒட்டு அப்படியே இருக்கு!"

குழுத்தலைவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. "தொடருங்க சார்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

சிங்காரவேலுவுக்குத் தரையில் கால் பாவவில்லை. சம்பந்திக்கு இப்போதே போன் போட வேண்டும்போல இருந்தது. சட்டென்று நின்றார்.

"மேடம், அதே சிலேன், அதே கை. இத்தனை வாரமா ஒட்டாதது இன்னைக்கு எப்படி ஒட்டுச்சு?"

செண்பகவல்லி ஜன்னலோரத்துக் குவளையை எடுத்து அவர் எதிரே கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே எல்லாம் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது.

"எல்லா வாரமும் ஒட்டத்தான் செஞ்சுது சார். கையைத் திறந்தபிறகு அதுக்குக் காத்திருக்கத் தெரியாது. நீங்க உடனே கண்ணாடியைக் கொடுக்கலை, அது தன்னையே பிடிச்சுக்கிச்சு."