சாத்தாத கதவு

கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு மடம் இருந்தது. மேட்டில் கட்டியிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது.

மடத்தின் குரு ஒரு பெண். பெயர் திலகவதி. அவருக்கு ஒரே ஒரு சீடன், ஏகாம்பரம். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். தெருக்கூத்தில் கட்டியங்காரனாக ஊர் ஊராய்ச் சிரிக்க வைத்துவிட்டு, ஒருநாள் அலுத்துப்போய் இங்கே வந்து சேர்ந்தவன்.

ஒரு குரலை ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் அது அவன் தொண்டையில் குடியிருக்கும். ஊர்த் தலைவரான நாட்டாரின் குரலில் நாட்டார் வீட்டு நாயையே அதட்டுவான். நாய் வாலைச் சுருட்டிக்கொள்ளும். கஞ்சி தண்ணீராக இருந்தால் வானொலிக் குரல் வரும்: "பானையில் பலத்த அலை வீசுவதால் யாரும் பருக்கை தேடிச் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்."

"உன் குரல் எது ஏகாம்பரம்?" என்று குரு ஒருமுறை கேட்டார்.

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்" என்றான், குருவின் குரலிலேயே.

குரு சிரித்துவிட்டார்.

புயல் வந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை விடியலில் மூன்று படகுகளும் ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போயின. எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. படகுகள் அன்று மாலையே திரும்பிவிட்டன. கட்டுமரத்தில் தனியாகப் போன கலியபெருமாள் திரும்பவில்லை.

இரண்டு நாள் காற்றும் மழையும். வியாழக்கிழமை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆறும் குப்பத்துக்குள் புகுந்தன. நூற்றறுபது பேர் மடத்து மேட்டில் ஏறினார்கள். ஆடுகள் ஏறின. போர்வை சுற்றிய ஒரு டிவி ஏறியது. கலியபெருமாளின் மனைவி அஞ்சலாட்சி மட்டும், கைக்குழந்தையோடு வீட்டிலேயே இருந்தாள்.

"அவ வர மாட்டா" என்றார் நாட்டார். "ஆம்பள கடல்ல இருக்கிறப்ப வூட்டுக் கதவச் சாத்தக் கூடாது. எங்க வழக்கம்."

"தெறந்தே போட்டுட்டு வரட்டுமே" என்றான் ஏகாம்பரம்.

"தெறந்த வூட்ல பொண்டாட்டி இருக்கணும்."

"போனவரு திரும்பவே இல்லன்னா?"

நாட்டார் கடல் பக்கம் பார்த்தார். "அப்ப வெளியாள் ஒருத்தர் போயிச் சாத்துவாங்க. பொண்டாட்டி கை அந்தக் கதவுல படக் கூடாது."

"நீங்க போய்ச் சாத்துங்களேன்."

"மூணு நாள்தான ஆவுது. எந்தக் கையால சாத்துறது?"

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர். அஞ்சலாட்சி கட்டில்மேல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளம் கதவைச் சாத்திவிடாமல் வலைக்கயிற்றால் அதைத் தூணோடு இழுத்துக் கட்டியிருந்தாள்.

"வா புள்ள. செவுரு ஊறிப் போச்சு."

"அவரு வந்து பாத்தா?"

"மடத்துக்கு வந்து பாப்பாரு."

"கரையேறுனா மொதல்ல இங்கதான் கொரல் குடுப்பாரு, கூடைய எடுத்தாரச் சொல்லி."

ஏகாம்பரம் தாசில்தார் குரலை எடுத்தான். "இந்தாம்மா, அரசாங்க உத்தரவு! உடனடியாக வெளியேறவும்!"

குழந்தை சிரித்தது. அஞ்சலாட்சி சிரிக்கவில்லை.

"போண்ணே. வேடிக்க காட்டுற நேரமா இது?"

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் ஒரு சாண் ஏறியது. கட்டில் அசைந்தது.

ஏகாம்பரம் வெளியே வந்தான். வீட்டைச் சுற்றிக் கடல் பக்கம் போனான். ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கலியபெருமாள் கரையேறும்போது போடும் சத்தத்தை அவன் எத்தனையோ காலைகளில் கேட்டிருக்கிறான்.

"ஏ அஞ்சலாச்சி! கூடைய எடுத்துக்கிட்டு வா!"

"தோ வரேன்!"

ஒரு கையில் குழந்தை, மறு கையில் மீன் அள்ளும் அன்னக்கூடை. ஓடி வந்தவளைத் தண்ணீர் இழுத்தது. ஏகாம்பரம் பாய்ந்து பிடித்தான். அவர்கள் மேட்டைத் தொடுவதற்குள் பின்னால் வீடு இடிந்து உட்கார்ந்தது. கட்டிய கயிறும் தூணுமாகக் கதவு மட்டும் தனியே மிதந்து போனது.

மடத்தில் எல்லோரும் ஏகாம்பரத்தின் முதுகைத் தட்டினார்கள். "கெட்டிக்காரன்யா நீ!" ஒருத்தி கிட்டே வந்து, "எங்க ஊட்டுக்காரன் கொரல்ல ஒருவாட்டி மன்னிப்பு கேளுண்ணே. அந்த ஆளு வாயில அது வரவே வராது" என்றாள். அவள் புருஷன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

அஞ்சலாட்சியிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் மடத்தின் கடைசிப் படியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யார் கேட்டாலும் ஒரே பதில்.

"கரையேறிட்டாரு. கொரல் கேட்டேன். வேற பக்கம் ஒதுங்கியிருப்பாரு."

தண்ணீர் ஐந்து நாள் வடியவில்லை. கஞ்சி நாளுக்கு நாள் தெளிந்தது. ஈரம் துடைக்க நாலு பேருக்கு ஒரு துண்டு. குழந்தைகளின் கால்விரல் இடுக்குகள் வெந்துபோயின. படகில் சிலர் வந்து ரொட்டி கொடுத்தார்கள். கொடுப்பதைப் படம் எடுத்தார்கள். படம் சரியாக வரவில்லை என்று ரொட்டியை வாங்கி மறுபடி கொடுத்தார்கள். முன்பு என்றால் ஏகாம்பரம் அதை ஒரு மாதம் நடித்துக் காட்டியிருப்பான். இப்போது அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. ஆண்கள் பந்தாகிப்போன வலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிரிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை செய்தி வந்தது. தெற்கே இரண்டு ஊர் தள்ளி ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது.

நாட்டாரும் அஞ்சலாட்சியும் போனார்கள். ஏகாம்பரமும் போனான்.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்த உடலின் முகம் முகமாக இல்லை. இடுப்பில் ஒரு கறுப்பு அரணாக்கயிறு, மூன்று முடிச்சோடு. அஞ்சலாட்சி அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும்மா?" என்றார் போலீஸ்காரர்.

"இது அவரு இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"டாக்டரு என்னா சொல்றாரு? செத்து எத்தினி நாளாச்சாம்?"

"ஒரு வாரத்துக்கு மேலயாம்."

"அதான் சொல்றேன். எங்க ஊட்டுக்காரரு போன வெசாழக்கெழம என்னையக் கூப்புட்டாரு. ஆறு நாள்தான் ஆவுது. ஊரே கேட்டுது. இதோ, இந்த அண்ணன்கூடப் பக்கத்துலதான் இருந்தாரு."

எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் சுவரைப் பார்த்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்போம்" என்றார் போலீஸ்காரர். "அப்புறம் அனாதப் பொணம்னு எழுதி நாங்களே பொதச்சிருவோம்."

மடத்துக்குத் திரும்பியதும் ஏகாம்பரம் குருவைத் தேடிப் போனான். அவர் அடிப்பிடித்த கஞ்சிப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன. ஆறு நாளாக அவர் முதுகு சாய்க்கவில்லை.

"அம்மா, ஒரு பொய் சொன்னேன். ரெண்டு உசுரு பொழச்சுது."

"ம்."

"இப்ப நெசத்தச் சொன்னா அவ தாங்க மாட்டா. சொல்லலன்னா அந்த மனுசன் அனாதையாப் போவாரு. நான் என்னா செய்யட்டும்?"

"அன்னைக்கு அவள எதுவரைக்கும் கூட்டியாந்த?"

"இங்க, மடத்துப் படி வரைக்கும்."

"இல்ல" என்றார் குரு. "இடுப்புத் தண்ணி வரைக்கும். அவ இன்னும் அங்கதான் நிக்கிறா."

அவர் மறுபடி சுரண்டத் தொடங்கினார்.

ஏகாம்பரம் படிகளில் இறங்கினான். முதல் படியில் நாட்டாரின் குரலை எடுத்துப் பார்த்தான். ஒட்டவில்லை. அடுத்த படியில் குருவின் குரல். அதுவும் நழுவியது. கடைசிப் படிக்கு வந்தபோது அவனிடம் எதுவும் மிஞ்சவில்லை.

"அன்னைக்குக் கூப்புட்டது நான், தாயி."

கரகரப்பான, பாதியில் உடைந்த குரல். அதுவரை மடத்தில் யாரும் கேட்காத குரல்.

அஞ்சலாட்சி திரும்பவில்லை. குழந்தை கூடையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள்.

ஏகாம்பரம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவரு கொரல் குடுத்தா பின்னாடியே ஒரு இருமல் வரும். பீடி இருமல். நீ அத உட்டுட்ட. தண்ணியில கால வச்சப்பவே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சுமா வந்த?"

"யாராச்சும் கூப்புட மாட்டாங்களான்னு இருந்துச்சுண்ணே."



"அந்தக் கயிறு?" என்றான் ஏகாம்பரம்.

"நான் முடிஞ்ச முடிச்சுதான்."

"பின்ன ஏன் தாயி இல்லன்ன?"

"நீ வந்து சொல்ற வரைக்கும் அவரு வந்துக்கிட்டேதான இருந்தாரு."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். கூடையைப் படியில் கவிழ்த்து வைத்தாள்.

"நாட்டாரக் கூப்புடுண்ணே. போயி வாங்கியாந்துரலாம்."

மறுநாள் நண்பகலில் அடக்கம் முடிந்தது. குப்பத்தில் காய்ந்த மண் கிடைக்கவில்லை. மடத்து மேட்டிலிருந்தே அள்ளிப் போட்டார்கள். பின்பு ஆண்கள் தாமாகவே ஒரு வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு சிக்கெடுக்க உட்கார்ந்தார்கள்.

ஏகாம்பரம் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு குருவின் முன் வந்து நின்றான்.

"அம்மா, அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. மொதல்லேருந்தே."

"ம்."

"அப்பறம் நான் போயி எதுக்குச் சொல்லணும்? அவளே சொல்லியிருக்கலாமே?"

குரு ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி அவனிடம் நீட்டினார்.

"அவ கை அந்தக் கதவுல படக் கூடாதே, ஏகாம்பரம்."