இரண்டு முள்ளும் ஒத்துப்போயின

கேப்டன் ரெஜினாவுக்குக் காவியும் கிடையாது, கமண்டலமும் கிடையாது. மீனம்பாக்கம் பக்கத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி, அதில் ஒரு ஏசி அறை, ஒரு இரும்பு அலமாரி, மேசையில் ஆறிப்போன டீ. அவ்வளவுதான் அவருடைய ஆசிரமம். ஆனாலும் அறவாழிக்கு அவர்தான் குரு. பதினான்கு வருடங்களுக்கு முன் அவனுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

அறவாழி விந்தி விந்தி உள்ளே வந்தான். விபத்து நடந்து நான்கு மாதமாகியும் வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது.

"உட்காரு" என்றார் ரெஜினா.

"வேணாம் மேடம். உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது. பதினோரு மணிக்கு விசாரணைக் குழு கூப்பிட்டிருக்கு. அவங்க என்ன கேப்பாங்கன்னு தெரியும். என்கிட்ட பதில்தான் இல்ல."

நடந்தது ஊருக்கே தெரியும். அன்று நல்ல மழை, மேகத்துக்குள் ரன்வே கண்ணுக்குத் தெரியவில்லை. இறங்கும் சரிவைக் காட்டுகிற தரைக்கருவி பழுது. ஆல்டிமீட்டர் ஒன்றுதான் துணை. அது காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி. அன்றைய அழுத்தத்தை விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் சொல்லும், விமானி ஒரு குமிழைத் திருகி அந்த எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். கேப்டனுக்கு ஒரு கருவி, துணை விமானிக்கு ஒன்று. ஒருவர் தப்பு பண்ணினால் மற்றவர் பிடிப்பார் என்றுதான் இந்த ஏற்பாடு.

டவர் 998 என்று சொன்னது. கேப்டன் பூவராகன் 1008 வைத்தார். பத்து எண் பிசகினால் ஏறக்குறைய முந்நூறு அடி போச்சு. கருவி நானூறு அடி என்று சாதித்துக்கொண்டிருந்தபோது கீழே நூறு அடிகூட இல்லை, தென்னந்தோப்பு வந்துவிட்டது. பூவராகனும் ஆறு பயணிகளும் இறந்துபோனார்கள். பக்கத்தில் இருந்த துணை விமானி அறவாழி பிழைத்துக்கொண்டான்.

"எனக்குச் சரியாத்தான் காதுல விழுந்துச்சு மேடம். நான் 998தான் வச்சிருந்தேன். அவர் 'ஆயிரத்தெட்டு'ன்னார். உடனே நான் என்னோடதையும் ஆயிரத்தெட்டுக்குத் திருகிட்டு 'செக்டு'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு முள்ளும் ஒத்துப்போச்சு. நான் ஏன் மேடம் திருகினேன்?"



"மணி என்ன?" என்று கேட்டார் ரெஜினா.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏழு உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மணி கேட்கிறாரே! இருந்தாலும் கையைப் பார்த்தான்.

"பத்து பத்து."

ரெஜினா தன் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து இருபது. உன்னுது ஸ்லோ. அங்க லேட்டாப் போய் நிக்காதே."

காலையில்தான் செல்போனைப் பார்த்து நேரம் சரிசெய்திருந்தான். ஆனாலும் கடிகாரத்தின் திருகை இழுத்தான். முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளினான், திருகை அழுத்தினான்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன் மேடம்."

"பின்னால சுவரைப் பாரு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து பதினொன்று. செல்போனை எடுத்துப் பார்த்தான். அதிலும் பத்து பதினொன்று.

"நீங்க சொன்னீங்களேன்னு..."

கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"இதையா அங்க போய்ச் சொல்றது? அவர் சொன்னாரு, நான் வச்சேன்னா? செத்தவர் மேல பழி போடுறான்னு அவர் வீட்டம்மா என் மூஞ்சியில துப்புவாங்க."

"அவர் மேல போடாதே."

"அப்ப என் மேலதான். நான் பொறந்ததுலேருந்தே இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளியா மேடம்?"

ரெஜினா எழுந்து அலமாரியைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்பேறிய ஃபைலை எடுத்து, ஒரு பக்கத்தைப் புரட்டி அவனிடம் கொடுத்தார்.

"வாய்விட்டுப் படி."

அவன் படித்தான். "பயிற்சி மாணவர் அறவாழி, ஆசிரியர் வைத்த அழுத்த எண் தவறு என்று வாதாடினார். தாம் தவறாகக் கேட்டதை ஒப்புக்கொள்ள மறுத்தார். திமிர் அதிகம். மூன்று வாரம் பறக்க அனுமதி இல்லை."

அதன் கீழே வேறு மையில் ஒரு வரி இருந்தது. "எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். இப்போது சரியாகிவிட்டார்."

இரண்டுக்கும் கீழே ரெஜினாவின் கையெழுத்து.

அந்த மூன்று வாரம் அவனுக்கு மறக்கவில்லை. மற்ற பையன்கள் பறக்கப் போக, இவன் விடுதி மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய அப்பாவிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னான். அதற்குப் பிறகு டவர் எந்த எண்ணைச் சொன்னாலும் முதலில் அவன் சந்தேகப்பட்டது தன் காதைத்தான்.

"அன்னைக்கு நல்ல வெயில்" என்றான். "ரன்வே தெளிவாத் தெரிஞ்சுது, கண்ணால பார்த்தே இறங்கிட்டோம். நான் தப்பாத்தானே மேடம் கேட்டேன்?"

ரெஜினா ஆறிப்போன டீயைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அப்போ இந்தப் பள்ளியில சொல்லிக்குடுக்கிறவங்கள்ல நான் ஒருத்திதான் பொம்பளை. எப்படா இவ சறுக்குவான்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் சறுக்கினா எனக்கு அப்புறம் இன்னொருத்திய உள்ள விடவே மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல மேடம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அந்த மன்னிப்புக்குப் பிறகு, பதினான்கு வருடத்தில் அவரை மறுத்து அவன் சொன்ன முதல் வார்த்தை அது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"பதில் இல்லதான்" என்றார் ரெஜினா. "அந்த ஃபைலை எடுத்துக்கிட்டுப் போ. அவங்க முன்னால வை."

"பதில், மேடம்."

ரெஜினா அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்குச் சாயந்தரமே டவர் டேப்பைப் போட்டுக் கேட்டேன். நீ சொன்ன எண்தான் சரி. அதைக் கேட்டுட்டு வந்துதான் இந்தப் பக்கத்தை எழுதினேன்."