கொடிமரம் தூக்கிய கல்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கரும்பாறைக் கோட்டையை இடும்பவர்மன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். கோபம் வந்தால் அவன் ஆளை வெட்டமாட்டான். குழியில் இறக்கிப் பாறையால் மூடிவிடுவான். பன்னிரண்டு வீரர்கள் சேர்ந்தால்தான் அந்த மூடி அசையும். தன்னந்தனியாக யார் மூடியைத் தூக்கினாலும் உள்ளே இருப்பவனுக்கு விடுதலை என்று ஒரு சட்டம் வேறு. கருணையாம்! ஒருவரும் தூக்கியதில்லை.

தளவாய் மருதப்பன் கட்டிய கோட்டைச் சுவர் சாய்கிறது என்று சொன்ன கல்தச்சன் பேச்சிமுத்து உள்ளே போய் மூன்று நாளாயிற்று. அவன் மனைவி குருந்தாயியும் கல் சுமந்து பிழைப்பவள்தான். குழிக்குள்ளிருந்து அவன் தட்டும் சத்தம் கேட்கிறவரை அவளுக்கு உயிர் இருந்தது. நேரே அரசன் முன் போய் நின்றாள்.

"மகாராசா, நான் தூக்குறேன். உங்க மூங்கில் கொடிமரமும் ஒரு கூடையும் குடுங்க."

சபை சிரித்தது. அரசனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. கொடிமரம் இறங்கியது.

மூடியின் ஓரத்துக்கு அடியில் மூங்கிலின் அடியைச் செருகினாள். மூடியிலிருந்து அரை முழம் தள்ளி ஒரு உருண்டைக் கல்லை முட்டுக் கொடுத்தாள். மறுமுனை ஆகாயத்தில் நீண்டது. அங்கே கூடையைக் கட்டப் போனாள்.

மருதப்பனுக்குப் பொறுக்கவில்லை. "நில்! அரசே, ஒரு கல்சுமப்பவள் செய்வதை அடியேன் செய்யமாட்டேனா? முதலில் நான்."

"அதுவும் நல்ல வேடிக்கைதான். செய்யும்" என்றான் அரசன்.

தளவாய் முட்டுக்கல்லை மூங்கிலின் நட்டநடுவே நகர்த்தினான்.

"ஐயா, மூடிக்குப் பக்கத்துல வைங்க!" என்று பதறினாள் குருந்தாயி.

"நடுவில் வைப்பதுதான் கம்பீரம். நீயா எனக்குச் சொல்லித்தருவது?"

அமுக்கினான். தொங்கினான். தலைப்பாகை அவிழ்ந்தது. கல் அசையவில்லை. விட்டானா? உச்சிவெயில் சாயும்வரை மல்லுக்கட்டினான். குழிக்குள் தட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே வந்ததை அவள் மட்டும் கேட்டாள். பிறகு அவளுக்கும் கேட்கவில்லை.

ஒருவழியாக அவன் விலகியதும் முட்டுக்கல்லைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, மறுமுனையில் கூடையைக் கட்டி அதில் ஒவ்வொரு கல்லாகப் போட்டாள். முனை மூன்று முழம் இறங்க, மூடி மூன்று விரல் எழுந்தது. கூடை அமுக்கிப் பிடித்திருக்க, ஓடிப்போய் அடியில் சில்லுக்கல் செருகினாள். கூடையை இறக்கி முட்டுக்கல்லை உயர்த்தினாள், மறுபடி கூடையை ஏற்றினாள், மறுபடி மூன்று விரல்.

"என்ன மாயம் இது?" என்றான் அரசன்.

"மாயமில்ல மகாராசா. பன்னிரண்டு பேர் பலத்தை நான் தூரத்தால ஈடுகட்டுறேன். கல்லு ஏற வேண்டிய உயரம் குறையல. என் பக்கத்து முனைதான் அதுக்காகப் பல மடங்கு இறங்குது. வேலை குறையல."

ஆள் நுழையும் அளவு திறந்ததும் உள்ளே இறங்கினாள். பேச்சிமுத்துவின் கையில் தட்டிய கல் அப்படியே இருந்தது. உடம்பில் சூடுகூட ஆறவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. மேலே ஏறி வந்து தளவாயைப் பார்த்தாள்.

அரசன் தலை குனிந்தது. "என்ன வேண்டும், கேள்."

"இன்னும் நாலு குழி இருக்கு. பொழுது சாயறவரைக்கும் கொடிமரம் வேணும். கூடைக்குக் கல்லு இவர் சுமக்கணும்."

"மருதப்பா, தலைப்பாகையைச் சும்மாடாகச் சுற்று" என்றான் அரசன்.

இரண்டு குழிகளில் உயிர் இருந்தது. அன்று முதல் அந்தக் கோட்டையில் குழிகளுக்கு மூடி இல்லை, கொடிமரத்தில் கொடியும் ஏறவில்லை. பேச்சிமுத்துவைப் புதைத்த இடத்தில் குருந்தாயி அந்த முட்டுக்கல்லை நட்டாள்.