மூணு மான் தாங்கும் வண்டி

வண்டி வாசலில் சிக்கிக்கொண்டது. கைப்பிடி வெளியே, சக்கரம் உள்ளே. மொக்கையன் தெருவில் நின்று இழுத்தான். அவனுடைய சித்தப்பா மகன்கள் ஒச்சப்பனும் சடைச்சாமியும் வீட்டுக்குள் நின்று தள்ளினார்கள். நிலைக்கதவுதான் நகர்ந்தது.

வீட்டுக்குள்ளே யாராவது வண்டி செய்வார்களா? இவர்கள் செய்வார்கள். மொக்கையனுக்கு மாமனார் ஆகப்போகிற கறுத்தணன் அன்று விடியற்காலையில் நொண்டிக்கொண்டே வந்து இப்படிச் சொல்லிவிட்டுப் போனார்:

"மாப்பிள்ளை, மேற்குக் காட்டுல, ஒத்தைப் புளியமரத்தடியில ஒரு கடமானை அடிச்சுப் போட்டிருக்கேன். மரத்துல ஏறி இறங்குறப்ப கால் பிசகிப்போச்சு, என்னால இழுக்க முடியல. கடையில வண்டி கிண்டி வாங்கிடாதே, வீட்டுலயே ஒண்ணு செஞ்சுக்க. அடையாளத்துக்கு மரத்துல என் சிவப்புத் துண்டைக் கட்டியிருக்கேன். உச்சிப்பொழுதுக்குள்ள அதைக் கொண்டாந்துரு. பரிசத்துக்கு வர்ற சனத்துக்கு இன்னைக்குக் கறிச்சோறுன்னு சொல்லிட்டேன். பானை காலியாக் கிடந்துச்சுன்னா வெள்ளத்தாயை உனக்குக் கட்டித் தரமாட்டேன், ஆமா."

மான் அடித்தால் ஜெயில் என்கிற சட்டமெல்லாம் வராத காலம். மூளை இருந்தால்தான் பெண் என்கிற சட்டமும் வரவில்லை. மொக்கையனுக்கு அது பெரிய சௌகரியம்.

வீட்டுலயே செய் என்றாரல்லவா? நடுவீட்டில் உட்கார்ந்து கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ரெண்டு பழைய சக்கரத்தை மாட்டிவிட்டார்கள். கட்டிலைச் சாய்த்துத் தூக்கினால் வெளியே வந்துவிடும். அது தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"வண்டி பெருசா, வீடு சின்னதா?" என்றான் ஒச்சப்பன்.

சடைச்சாமி ரொம்ப நேரம் யோசித்தான். "வண்டிய மாமா செய்யச் சொன்னாரு. வீட்டைச் செய்யச் சொல்லல. அப்ப தப்பு வீட்டு மேலதான் அண்ணே."

வெள்ளத்தாய் வரப்போகிறாள் என்று போன வாரம்தான் சுண்ணாம்பு அடித்த சுவர். மூன்று பேரும் கடப்பாரையால் இடித்தார்கள். வண்டி ஜோராக வெளியே வந்தது. கூரையும் கூடவே வந்து வண்டி மேல் உட்கார்ந்தது. கட்டில் நாலு துண்டு, சக்கரம் எட்டுத் துண்டு.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மொக்கையனுக்கு வெள்ளத்தாய் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. பரிசத்துக்கு முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் வண்டிக்கடைக்கு ஓடினான். தம்பிகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

கடைக்காரர் ஒரு தள்ளுவண்டியைத் தட்டிக் காட்டினார். "தேக்கு. மூணு மான் தாங்கும். அச்சு புதுசு, கத்தும். அப்பப்ப எண்ணெய் காட்டணும், அவ்வளவுதான்."

காட்டினார்கள். ஒச்சப்பன் ஒரு கிண்ணத்தில் எண்ணெயோடு முன்னால் நடந்தான். நூறு அடிக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி, குனிந்து, அச்சுக்கு நேரே கிண்ணத்தை நீட்டினான்.

"பாத்துக்க. நல்லெண்ணெய்."

அச்சு முன்னைவிடக் கத்தியது.

"வண்டிக்குக் கண்ணு தெரியல போல. கிட்டக்கக் காட்டு," என்றான் சடைச்சாமி.

"இதுக்கு மேல கிட்டப் போனா எண்ணெய் பட்டுரும்டா. அப்புறம் கடைக்காரர் திட்டுவாரு."

இப்படியே காடு போய்ச் சேர்ந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் சிந்தவில்லை. புளியமரம் இருந்தது. மூணு ஆள் உயரக் கிளையில் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. அடியில் கடமான், கன்றுக்குட்டி என்ன, எருமையே தோற்கும் உடம்பு.

"தூக்குங்கடா!" என்றான் மொக்கையன். முக்கி முனகி, இடுப்பு ஒடிய, மானை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆமாம், ஏற்றியேவிட்டார்கள். மூன்று பேருக்கும் வாழ்க்கையில் ஒரு வேலை ஒழுங்காக நடந்தது அதுதான் முதல்தடவை.

உச்சிப்பொழுது. கறுத்தணன் வீட்டு முற்றத்தில் சனம் பந்தியில் உட்கார்ந்திருந்தது. இலை போட்டாயிற்று. அடுப்பில் மசாலா கொதித்து, கறிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வெள்ளத்தாய் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

தூரத்தில் கீச்சென்று சத்தம்.

"வந்துட்டாரு!" என்றாள். கறுத்தணன் மீசையைத் தடவிக்கொண்டு, அரிவாளோடு நொண்டி நொண்டி ஓடினார்.

வண்டி வந்து நின்றது. அதன் நட்டநடுவில், நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, மடிப்புக் கலையாமல் சிவப்புத் துண்டு.

"மான் எங்கடா?"

மொக்கையன் வேர்வையைத் துடைத்தான். "அதை ஏன் கேக்குறீங்க மாமா, மரத்தடியில ஒரு மான் கிடந்துச்சு. நல்லவேளை! துண்டு எட்டலை. அந்த மானை வண்டியில ஏத்தி, அது மேல நான் ஏறி, என் தோள் மேல ஒச்சப்பன் ஏறி, அப்புறம்தான் அவுத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் மானை இறக்கி, இருந்த இடத்துலயே வெச்சுட்டோம். அடுத்தவங்க பொருள் நமக்கெதுக்கு? துண்டைக் கட்டியிருக்கேன், அதைக் கொண்டாந்துருன்னுதானே சொன்னீங்க?"

"மூணு மான் தாங்குற வண்டி மாமா. துண்டு ஆடவே இல்ல," என்றான் சடைச்சாமி.

சன்னலுக்குள்ளிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. வெள்ளத்தாய்தான். மொக்கையனும் பதிலுக்குச் சிரித்து வைத்தான். தன் சாமர்த்தியம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

கறுத்தணன் முகம் துண்டைவிடச் சிவந்தது. அரிவாளை ஓங்கிக்கொண்டு கத்தினார். "டேய்! என் கண்ணு முன்னால நிக்காதே! ஓடிரு!"

மொக்கையன் பெரியவர் சொல்லைத் தட்டுகிறவன் இல்லை. நிற்கவில்லை. பந்தியில் காலியாக இருந்த இலை முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, "கறி வரட்டும்" என்றான்.

ஓடத்தான் இல்லை.